கரையும் உடலும்



அருப்புக்கோட்டை தறிகளுக்குப் பேர்போன ஊர். வானம் பார்த்த கரிசலில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், கண்ணுக்குரிய அளவுப் பொருத்தத்தைப் பேசச் சேலையை விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

சேலைக்கு உடல், கரை, முந்தி என மூன்று பகுதிகள். தறியில் இவை ஒரே தளத்தில் விரிந்து கிடக்கின்றன. உடுத்தியபின் நிலை வேறு. உடலின் பெரும்பகுதி கொசுவத்துள் மறைகிறது. கீழ்க்கரை பாதத்தைச் சுற்றி முழு வட்டமாய் எழுகிறது. தறியில் மெலிந்து தெரிந்த கரை அங்கே எடுப்பாகிவிடும். ஆகவே நெய்பவர் மனத்தில் அளக்க வேண்டியது துணியை அன்று, உடுத்திய தோற்றத்தை. கரையை அகலமாக்கினால் விலையைக் கூட்டலாம் என்பது கடைக்கணக்கு. உடுத்துபவரின் உயரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. குட்டையானவர் அகன்ற கரையில் இன்னும் குறுகிப்போவதைக் காணாதவர் யார்?

கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையின் பீடம் 38 அடி, உருவம் 95 அடி. வை. கணபதி ஸ்தபதி வடித்த அச்சிலையில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் பீடமாயின; ஏனைய இருபால்களின் 95 அதிகாரங்கள் உருவமாயின. சுருக்கினால் இரண்டுக்கு ஐந்து. எண்ணின் பொருள் அறியாத கண்ணுக்கும் பீடம் சிலையை அமுக்குவதாகத் தோன்றாது.

குறளுக்கும் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். அந்த ஒரு சீர்க் குறைவில்தான் முடிவு செவிக்குப் புலனாகிறது. புதுக்கவிதைக்கு இக்கட்டு இல்லை. எங்கே வரியை மடிப்பது என்பது எழுதுபவர் பொறுப்பு. தாளில் எடுப்பாகத் தெரிகிறதென்று ஒற்றைச் சொல்லைத் தனிவரியில் நிறுத்துவோர் உண்டு. வாய்விட்டுப் படிக்கையில் அது அகன்ற கரையாய் உறுத்தும். அப்படிப் படித்துக் காட்டியபின் வரியை மாற்றிக்கொண்ட கவிஞர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.