உள்ளூர் வழக்கே உலக மன்றத்துக்கு வழி

(தாமலில் சட்டம் பயிலும் மாணவரிடையே ஆற்றிய உரை)



“தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பன்னாட்டுச் சட்டம் எதற்கு? அது செல்வர் மக்களுக்குரியதன்றோ?” என்று நம்மிற் சிலர் வினவுகின்றனர். அதற்கு விடை ஒரு தமிழ்ப் பெண்மணியின் வாழ்க்கையே.

நவநீதம் பிள்ளை அம்மையார் 1941இல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரில் பிறந்தார். தந்தையார் பேருந்து ஓட்டுநர். மகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் பொருளில்லை. அந்நகரத்து இந்தியக் குடிமக்கள் தம் கைப்பொருளைத் திரட்டித் தந்து படிக்க வைத்தனர்.

1965இல் சட்டப் பட்டம் பெற்றார். நிறவெறி ஆட்சி நடந்த அந்நாட்டில் வெள்ளையர் நிலையங்களில் அவருக்கு இடமில்லை. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை, 1967இல் தாமே வழக்குரை நிலையம் திறந்தார். நேட்டால் மாநிலத்தில் வெள்ளையரல்லாப் பெண்ணொருவர் அவ்வாறு திறந்தது அதுவே முதன்முறை. சிறைப்பட்ட விடுதலை வீரர்களுக்காக வழக்காடினார். இராபன் தீவுச் சிறையாளர் தம் வழக்குரைஞரைக் காணும் உரிமையை 1973இல் வென்று தந்தார்.

அதன் பின்னரே அயல்நாட்டுக் கல்வி. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1982இல் மேற்பட்டமும் 1988இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1995இல் உருவாண்டா இனப்படுகொலையை உசாவும் பன்னாட்டு மன்றத்திற்கு நடுவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அதன் தலைவருமானார்.

அம்மன்றத்தில் அகாயேசு என்னும் ஊர்த்தலைவன்மேல் நடந்த வழக்கை எண்ணிப் பாருங்கள். முதலிற் சுமத்திய குற்றங்களுள் பெண்கள்மேல் நிகழ்ந்த வன்கொடுமை இடம்பெறவே இல்லை. சான்றுரைத்த பெண்களின் வாயால் அது வெளிவந்தது. 1997இல் குற்றச்சாட்டு திருத்தப்பட்டது. இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையே என 1998இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்த நடுவர் மூவருள் பெண் அம்மையார் ஒருவரே. பின்னர் ஒன்றிய நாடுகள் மன்றத்தின் மாந்தவுரிமை உயர் ஆணையராக 2008 முதல் 2014 வரை பணியாற்றினார்.

மாணவர்களே! அயல்நாட்டுப் பட்டம் அவருக்குத் தொடக்கமன்று. உள்ளூர் வழக்கே தொடக்கம். ஆகவே மூன்று சொல்வேன். முதலாவது, விடுமுறையில் கூலி மறுக்கப்பட்ட நெசவாளியின் முறையீட்டை எழுதிக் கொடுங்கள். உண்மையைச் சான்றோடு நிறுவும் பயிற்சி அங்கேதான் கிடைக்கும். இரண்டாவது, பன்னாட்டு ஒப்பந்தங்களை உரைநூல் வழியாக மட்டுமன்றி மூலத்திலேயே படியுங்கள். படித்ததைத் தமிழில் எழுதி உங்கள் தாய்க்கு விளங்க வையுங்கள். விளங்காவிடில் நீங்களே இன்னும் அறியவில்லை என்பது பொருள். மூன்றாவது, ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் பயிலுங்கள். திஏகு நகரிலுள்ள பன்னாட்டு வழக்குமன்றத்தின் அலுவல் மொழிகள் அவ்விரண்டே.

பெரியோர்களே! தர்பன் மக்கள் செல்வரல்லர், ஆயினும் ஈந்தனர். ஓரிழையால் பாவு ஆவதில்லை என்பதை உங்களுக்கு யான் சொல்ல வேண்டுமோ? ஆண்டுக்கொரு மாணவரையேனும் இவ்வூர் தன் பொறுப்பில் படிக்க வைக்கட்டும். அப்பொருளை இன்றே, இக்கூட்டத்திலேயே திரட்டத் தொடங்குவோம்.