ஈ, தா, கொடு: ஆங்கில வினை ஒன்றும் தமிழ் வினை மூன்றும்



ஆங்கிலம் பயிலத் தொடங்கும் சிறுவன் முதலாண்டிலேயே கற்றுவிடும் வினைகளுள் ஒன்று ‘கிவ்’. அரசன் கேட்பினும் இரவலன் கேட்பினும், தனக்கெனக் கேட்பினும் பிறர்க்கெனக் கேட்பினும் அச்சொல் மாறுவதில்லை. ‘அப்’ என்பது சேர்ந்தால் கைவிடுதல், ‘இன்’ சேர்ந்தால் பணிதல் எனப் பக்கத்துச் சொல்லால் அதன் பொருள் விரியும், அவ்வளவே. தமிழாக்கம் செய்வோர் அகராதியில் முதலில் காணும் ‘கொடு’ என்பதை எல்லா இடத்தும் பெய்து அமைதி கொள்கின்றனர். தமிழ் அவ்வளவு எளிதில் அமைதி கொள்ளும் மொழியன்று.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இவ்வினையை ஈரிடத்தில் ஆராய்கிறார். எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற் சொற்களாக வரும்போது, ‘ஈ’ தாழ்ந்தோன் கூற்று, ‘தா’ ஒத்தோன் கூற்று, ‘கொடு’ உயர்ந்தோன் கூற்று என வரையறுக்கிறார். கேட்கும் சொல்லைக் கொண்டே கேட்பவன் நிலையை அறியலாம் என்பது இதன் பயன். கிளவியாக்கத்தில் வேறொரு பகுப்பு உண்டு: தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன. எனக்குத் தா, உனக்குத் தருவேன், அவனுக்குக் கொடு என்பதே நெறி.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. ‘கொடு’ படர்க்கைச் சொல்லாயின், உயர்ந்தோன் தனக்கென்று கேட்கும்போது அதனை எவ்வாறு சொல்லலாம்? அவன் தன்னையே பிறன் ஒருவன்போல் வைத்துக் கூறுகிறான் என்று ஆசிரியரே அமைதி காட்டுகிறார். இரக்கும் நேரத்தில் உயர்ந்தோன் தன்னிடமிருந்து சற்று விலகி நிற்கிறான். இலக்கணம் மனத்தின் நாணத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட இடம் இது. உலகின் இலக்கண நூல்களுள் இத்தகைய நுட்பம் எளிதில் கிட்டுவதன்று.

இது நூலாசிரியரின் கற்பனையும் அன்று. நீலகிரியின் கோத்தர், தோடர் மொழிகளை ஆராய்ந்த அமெரிக்க மொழியியலறிஞர் எமனோ, 1945ஆம் ஆண்டு திராவிட மொழிகளின் ‘வா’, ‘தா’ வினைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். தன்மை முன்னிலைக்கு ஒன்று, படர்க்கைக்கு ஒன்று என்னும் பகுப்பு தொன்மையானது என்பதை அக்கட்டுரை காட்டியது. மலையாளத்தில் ‘தருக’, ‘கொடுக்குக’ என்னும் வேறுபாடு இன்றும் அன்றாடப் பேச்சிலேயே உயிரோடிருக்கிறது. தமிழில்தான் ‘எனக்குக் கொடு’ என்பது இயல்பாகிவிட்டது. இதற்கு ஆங்கிலத்தின்மேல் மட்டும் பழி சுமத்துவது முறையாகாது. ‘கொடு’ தன் எல்லையை நெடுங்காலமாகவே விரித்து வந்திருக்கிறது. எனினும் பழைய நெறி முற்றும் அழிந்துவிடவில்லை. மண்ணச்சநல்லூரின் அரிசி மண்டியிலும் ‘எனக்கு எவ்வளவுக்குத் தருவீர்கள்?’ என்னும் கேள்வியும், ‘அவருக்கு ஒரு மூட்டை கொடு’ என்னும் ஏவலும் இயல்பாகவே ஒலிக்கும். இலக்கணம் படித்துச் சொல்வதன்று அது.

‘ஈ’ மட்டும் ஏவலாக வழக்கொழிந்து, ஈகை, ஈதல் என்று பெயராய் உயர்ந்துவிட்டது. தாழ்ந்தோன் வாயில் பிறந்த சொல் வள்ளலின் பண்புக்குப் பெயராயிற்று! வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய புறப்பாட்டை இங்கு நினைக்கலாம். இரத்தல் இழிவு, இரந்தவனுக்கு மறுத்தல் அதனினும் இழிவு என்னும் அப்புலவர், கேட்கும் செயலுக்கு ‘ஈ’ என்பதையே ஆள்கிறார்.

ஔவையார் பெயரால் வழங்கும் நல்வழியின் காப்புச் செய்யுளோ வேறு வகை. பிள்ளையாருக்குத் தாம் அளிக்கும் பண்டங்களுக்கும், அவரிடம் வேண்டும் தமிழுக்கும் ‘தா’ என்னும் ஒரே வினையை அப்பாட்டி ஆள்கிறார். தொல்காப்பிய நெறிப்படி அது ஒத்தோன் கூற்று. கடவுளோடு நிகராய் அமர்ந்து பண்டமாற்றுப் பேசும் அந்த உரிமை, ‘ஈ’ என்றிருந்தால் எங்கே போயிருக்கும்?

கவிஞர்கள் மொழிபெயர்க்கையில் இது மெய்யாகவே இடறும். ‘உயிர் கொடுத்தான்’ என்பது பிழைப்பித்தானா, மாண்டானா? ஆங்கிலம் ‘தன்’ என்னும் பொருளுடைய சொல்லைச் சேர்த்து அதனைத் தெளிவாக்கிவிடும். தமிழில் சூழலே துணை. காதலன் காதலியிடம் ‘உன் கையை’ என்று கேட்கும் ஆங்கில வரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கை கொடு’ என்றால் உதவி கேட்டதாகும். மேட்டில் ஏறுகிறவன் சொல்வது அது. ‘கையைத் தா’ என்றால்தான் அவள் நாணுவாள்.