பழைய கவுன்சில் டக்ஸ் கடன்: வெட்கப்பட முதல் கேட்கவேண்டியவை

(எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் வந்த விஷயங்கள் சிலவற்றையும் உள்ளே சேர்த்திருக்கிறேன்.)



இன்றைக்கு நான் கதைக்கப்போவது கவுன்சில் டக்ஸ் கடன் பற்றி. தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். காணாமல் ஆக்கப்பட்டோர், பலஸ்தீனம், குடிவரவுச் சட்டம் என்று கதைக்கிற இடத்தில் ஒரு பில்லைப் பற்றியா என்று. ஆனால் இந்த அறையில் இருக்கிற பாதிப்பேர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே அம்மா அப்பாவுக்கு வந்த கவுன்சில் கடிதங்களை வாசித்து மொழிபெயர்த்தவர்கள். எங்களில் பலருடைய முதல் அரசியல் வேலை அதுதான்.

அந்தக் கடிதங்களில் ஒரு வகை இருக்கு. எப்பவோ இருந்த விலாசம், எட்டுப் பத்து வருசத்துக்கு முந்தின கணக்கு, இப்ப திடீரென்று ஒரு பெய்லிஃப் கம்பனியின் பெயரில் வரும். வீட்டில் நடக்கிறது இரண்டில் ஒன்று. கடிதம் திறக்காமலே லாச்சிக்குள்ளே போகும். இல்லையென்றால் சீட்டுக்காசை எடுத்து, நகையை அடகு வைத்து, அடுத்த நாளே முழுக்காசும் கட்டுப்படும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆக்களுக்குத் தெரிந்தால் மானம் போயிடும். ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. பழைய கடன் பெருப்பதற்கு இந்த மௌனம் வசதியாக இருக்கிறது.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். தாட்சர் அரசாங்கம் 1989-இல் ஸ்கொட்லாந்திலும் 1990-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போல் டக்ஸைக் கொண்டுவந்தது. தலைக்கு இவ்வளவு. பிரபுவும் அவர் வீட்டைத் துடைக்கிறவரும் ஒரே தொகை. இலட்சக்கணக்கான ஆக்கள் கட்டவில்லை. 1990 மார்ச் 31 அன்று ட்ரஃபல்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம். 1991-இல் டெரி ஃபீல்ட்ஸ் என்ற லிவர்பூல் எம்.பி. கட்ட மறுத்ததற்காக 60 நாள் சிறைக்குப் போனார். தாட்சரின் பதவி போனதற்கும் இந்த வரி ஒரு பெரிய காரணம். அதற்குப் பதிலாக 1993 ஏப்ரலில் வந்ததுதான் கவுன்சில் டக்ஸ்.

இது போல் டக்ஸை விடப் பரவாயில்லை, ஆனால் நியாயமானது என்று சொல்ல ஏலாது. இங்கிலாந்தில் வீடுகளை ஏ முதல் எச் வரை பிரித்தது 1991 ஏப்ரல் 1 விலைப்படி. அதற்குப் பிறகு மறுமதிப்பீடு நடக்கவே இல்லை. ஒரே கவுன்சிலுக்குள் எச் வீட்டுக்காரர் கட்டுவது ஏ வீட்டுக்காரர் கட்டுவதைப்போல மூன்று மடங்குதான், வீட்டின் விலை முப்பது மடங்காக இருந்தாலும்.

வறிய ஆக்களுக்கு முந்தி ஒரு பாதுகாப்பு இருந்தது, கவுன்சில் டக்ஸ் பெனிஃபிட் என்று. 2013 ஏப்ரலில் மத்திய அரசு அதை நிறுத்தி, நிதியில் 10 சதவீதத்தை வெட்டி, மிச்சத்தைக் கவுன்சில்களின் தலையில் போட்டது. ஓய்வூதிய வயதினரைத் தொடக்கூடாது என்றும் சொன்னது. அப்ப வெட்டு யாரில் விழும்? வேலை செய்கிற வயதில் இருக்கிற வறியவர்களில். ஹரிங்கேயில் அதுவரை ஒன்றும் கட்டாத குடும்பங்களும் வரியில் 19.8 சதவீதம் கட்டவேண்டி வந்தது. அங்கே கவுன்சில் நடத்திய மக்கள் கருத்துக்கேட்பு சட்டவிரோதமானது என்று 2014 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெட்டைத் தவிர வேறு வழிகளும் இருந்தன என்பதை மக்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். இன்றைக்கு எங்கட வீடுகளுக்கு வருகிற பழைய கடன்களில் கனக்க இந்த 2013-க்குப் பிறகு முளைத்தவை.

கடன் எப்படிப் பெருக்கிறது? ஒரு மாதத் தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும், 7 நாள் தருவார்கள். அதற்குள்ளும் கட்டாமல் இன்னொரு 7 நாள் போனால் தவணையாகக் கட்டுகிற உரிமை போய்விடும். வருசத்தின் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். பிறகு மஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை. அங்கே நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே அமர்வில் போகும். "என்னிடம் காசில்லை" என்பது அந்த இடத்தில் வாதமே இல்லை. லயபிலிட்டி ஓர்டர் என்ற கட்டளை கிடைத்ததும் பெய்லிஃப். 2014-இல் வந்த விதிகள் பெய்லிஃப் கோவையைத் திறந்தாலே 75 பவுண், கதவடிக்கு வந்தால் இன்னொரு 235 என்று வைத்தன. கணக்குப் போட்டுப் பாருங்கோ: 300 பவுண் கடன், நீதிமன்றச் செலவு 100 என்று வைத்தால், ஆள் ஒருக்கா வாசலுக்கு வந்து போனவுடன் 710. கவுன்சிலுக்குச் சேரவேண்டிய வரி இன்னும் அதே 300-தான்.

நீதிமன்றச் செலவையும் கேள்வி கேட்கலாம். ரொட்டன்ஹாமில் போல் நிக்கொல்சன் என்று ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார் இருந்தார். 2013 வெட்டுக்கு எதிராகத் தன் கவுன்சில் டக்ஸைக் கட்ட மறுத்தார். 125 பவுண் செலவு போட்டார்கள். இந்த 125 எப்படி வந்தது என்று கேட்டார், பதில் இல்லை. 2015-இல் உயர் நீதிமன்றம், கணக்கை விசாரிக்காமல் அந்தச் செலவை விதித்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. அவர் 2020-இல் காலமானார். லண்டனில் வறியவர்களின் வழக்குகளுக்கு உதவுகிற இஸட்2கே அமைப்பு அவர் தொடக்கியது.

இப்ப லாச்சிக்குள்ளே இருக்கிற கடிதத்துக்கு வருவோம். காசு கட்ட முதல் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்கவேண்டியவை மூன்று.

முதலாவது: லயபிலிட்டி ஓர்டர் இருக்கோ? எந்தத் திகதி, எந்த விலாசம், எந்தக் காலம்? தொகை செலுத்தவேண்டியதான நாளிலிருந்து 6 வருசத்துக்குள் கவுன்சில் நீதிமன்றத்தில் ஓர்டருக்கு விண்ணப்பிக்கவேணும். அந்தக் காலம் கடந்திருந்தால் இனி ஓர்டர் எடுக்க ஏலாது. ஆனால் கவனம்: 6 வருசம் போனால் கடன் தானாக அழியும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது பிழை. ஓர்டர் அப்பவே எடுத்திருந்தால் அதற்குக் காலாவதி இல்லை.

இரண்டாவது: இந்தக் கடன் உண்மையில் இவருடையதோ? எங்கட ஆக்கள் வந்த புதிதில் ஒரு வீட்டில் அறை அறையாக இருந்தார்கள். தனித்தனி ஒப்பந்தத்தில் ஒவ்வொரு அறையாக வாடகைக்கு விட்ட வீடு என்றால் பொதுவாக வரி வீட்டுக்காரரின் பொறுப்பு. உள்துறை அமைச்சு தந்த அகதித் தஞ்ச விடுதியிலும் இருந்தவருக்குப் பொறுப்பில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை வேறு. மற்றவர்கள் கனடாவுக்குப் போயிருந்தாலும் மிஞ்சினவரிடம் முழுத்தொகையையும் கேட்கலாம்.

மூன்றாவது: கிடைத்திருக்கவேண்டிய கழிவுகள் கிடைத்ததோ? தனிய இருந்தவருக்கு 25 சதவீதம் கழிவு. முழுநேர மாணவர்கள் மட்டும் இருந்த வீட்டுக்கு வரியே இல்லை. மறதிநோய் போன்ற கடுமையான மனப் பாதிப்புள்ளவர், வைத்தியரின் சான்றும் உரிய உதவித்தொகைத் தகுதியும் இருந்தால், கணக்கில் சேரமாட்டார். இவற்றைப் பின்தேதியிட்டும் கேட்கலாம். அம்மம்மாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிற எத்தனை வீட்டில் இதைக் கேட்டிருப்பார்கள்? கவுன்சில் மறுத்தால் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை.

கடன் சரியானதுதான், ஆனால் கட்ட வழியில்லை என்றால்? 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 13ஏ(1)(சி) என்று ஒரு பிரிவு இருக்கு. அதன்படி கவுன்சில் தன் விருப்பப்படி எந்த வரியையும் குறைக்கலாம், பூச்சியமாகவும் ஆக்கலாம். பில்லில் இதைக் கொட்டை எழுத்தில் போடமாட்டார்கள். வரவு செலவுக் கணக்கோடு, பிரிவின் பெயரைச் சொல்லியே கேளுங்கோ. கடன் ஆலோசகர் ஊடாகப் போனால் பிறீதிங் ஸ்பேஸ் என்று 60 நாள் அவகாசம் கிடைக்கும். அந்த நாட்களில் பெய்லிஃப் வர ஏலாது. கடன் பல இடத்தில் என்றால், 2024-இலிருந்து கட்டணமில்லாமல் டெப்ட் ரிலீஃப் ஓர்டருக்கு விண்ணப்பிக்கலாம், கவுன்சில் டக்ஸ் நிலுவையும் அதற்குள் வரும். சிற்றிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெப்ட்லைன் எல்லாம் இலவசம். காசு வாங்கிக்கொண்டு கடன் தீர்க்கிறோம் என்கிற கம்பனிகளிடம் போகவேண்டாம்.

பெய்லிஃப் வந்தால் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. கவுன்சில் டக்ஸுக்காக முதல்தடவை வருபவர் கதவை உடைத்து உள்ளே வர ஏலாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டுக்குள் போகக்கூடாது. உள்ளே விட்டு, பொருட்களின் பட்டியலில் கையெழுத்தும் வைத்தால் நிலைமை மாறும், அடுத்தமுறை பலவந்தமாக வரலாம். வாசலில் நிற்கிற காரை எடுக்கலாம். தொழிலுக்குத் தேவையான பொருட்கள் மொத்தம் 1,350 பவுண் வரைக்கும்தான் பாதுகாப்பு. டெலிவரி ஓடுகிற அண்ணாமாருக்கு இதைச் சொல்லிவையுங்கோ.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. விசாவில் பொதுநிதி இல்லை என்று போட்டிருப்பவர்கள், வருமானத்தைப் பார்த்துத் தருகிற கவுன்சில் டக்ஸ் குறைப்புக்கு விண்ணப்பிக்கக்கூடாது, அது பொதுநிதிக்குள் வருகிறது. தனிய இருப்பவருக்கான 25 சதவீதக் கழிவு அப்படி இல்லை. குடிவரவு கேஸ் நடக்கிறவர்கள் எதற்கும் கையெழுத்து வைக்க முதல் தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரைக் கேட்கவேணும்.

கேள்வி நேரத்தில் ஒரு தோழர் கேட்டார்: நாங்கள் இடதுசாரிகள், வரி வேண்டும் என்கிறவர்கள், நூலகமும் முதியோர் பராமரிப்பும் இந்தக் காசில்தானே நடக்கிறது என்று. நியாயமான கேள்வி. வரி கட்டுகிறவனின் தகுதியைப் பார்த்து வரவேணும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. கிளீனிங் வேலை செய்கிற அக்காவின் பத்து வருசக் கடனைப் பிழிந்து நூலகம் திறக்க ஏலாது. கவுன்சில் அலுவலகத்தில் ரெலிபோன் எடுக்கிற பிள்ளையும் எங்களை மாதிரி வாடகை கட்ட முடியாமல் இருக்கலாம். சண்டை அவரோடு இல்லை.

வேறு வழி இருக்கு என்பதற்கு இரண்டு சாட்சி. 2018-இல் ஹமர்ஸ்மித் அன்ட் ஃபுல்ஹாம் கவுன்சில், கவுன்சில் டக்ஸுக்குப் பெய்லிஃப் அனுப்புவதை நிறுத்தியது. மற்றது ஸ்கொட்லாந்து. 2014 வாக்கெடுப்புக்காக முதல்முறை வாக்காளர் பட்டியலில் பதிந்த ஆக்களை, அந்தப் பட்டியலை வைத்தே இருபது வருசத்துக்கு மேற்பட்ட போல் டக்ஸ் கடனுக்குத் துரத்தலாம் என்று சில கவுன்சில்கள் யோசித்தன. எதிர்ப்பு வந்தது. 2015-இல் ஸ்கொட்லாந்து பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் எல்லாப் போல் டக்ஸ் கடனையும் அழித்தது. புத்தகத்தில் இருந்த கடன் சுமார் 42.5 கோடி பவுண். அதற்கு ஈடாகக் கவுன்சில்களுக்குக் கொடுத்தது 8,69,000 பவுண். அறவிடக்கூடியது அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இங்கிலாந்தில் கவுன்சில் டக்ஸுக்காக 3 மாதம் வரை சிறை வைக்கிற அதிகாரமும் சட்டத்தில் இருந்தது; 2019-இல் வேல்ஸ் அதை நீக்கியபோது இங்கிலாந்து நீக்கவில்லை. வேணுமென்றே கட்டாதவர் அல்லது குற்றமான அலட்சியத்தால் கட்டாதவர் என்று நீதிமன்றம் விசாரித்துக் காணாமல் அப்படி அனுப்ப ஏலாது. இதை வீட்டில் சொல்லுங்கோ, பாதிப் பயம் போகும்.

நாங்கள் செய்யக்கூடியது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோவிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ பக்கத்தில் ஒரு மேசை. மூன்று கேள்விகளும் எழுதின மாதிரிக் கடிதம், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆலோசகரிடமோ நீதிமன்றத்துக்கோ போகிறவரோடு கூடப்போக இரண்டுபேர். சட்ட ஆலோசனை நாங்கள் சொல்லக்கூடாது, ஆனால் பக்கத்தில் இருக்கலாம், மொழிபெயர்க்கலாம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் நாங்கள் போவோம். ஆறு மாதத்தில் சேருகிற கடிதங்களை எண்ணி, பெயர்களை எடுத்துவிட்டு, கவுன்சிலர்களிடம் கொண்டுபோவோம்: குறைந்த வருமானக்காரருக்குப் பெய்லிஃப் வேண்டாம், 13ஏ-ஐப் பகிரங்கமாக அறிவியுங்கள், கட்ட ஏலாத பழைய கடனை அழியுங்கள் என்று.

இன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ மாமாவிடமோ ஒருக்கா கேளுங்கோ, லாச்சிக்குள்ளே ஏதும் கடிதம் கிடக்கோ என்று. கிடந்தால் கொண்டுவாருங்கோ. பெயர் விபரம் கையொப்பப் புத்தகத்தில் எழுதத் தேவையில்லை.