வலிக்கு முந்தியே தொடங்கும் வேலை
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் ஆண் தோழர்களே! இந்தப் பேச்சு உங்களுக்கும்தான், பக்கத்தில் வாருங்கள்.

நம் லயங்களில் பிள்ளைப்பேறு என்றால் வலியைத்தான் பேசுகிறோம். வலிக்குப் பல வாரம் முந்தியே உடம்பு சத்தமில்லாமல் ஒரு வேலையைத் தொடங்கிவிடுகிறது. அது நடக்கும் இடம் கருப்பைக் கழுத்து.

கருப்பையின் கீழே மூன்று, நான்கு சென்டிமீற்றர் நீளத்தில் இருக்கிறது அது. தசை கொஞ்சம்தான், பெரும்பகுதி கொலாஜன் என்ற நார். கூடைக் கயிறு மாதிரி இறுகப் பின்னிய அந்த நார்தான் பிள்ளையின் பாரத்தைத் தாங்குகிறது. அந்தப் பின்னல் அவிழாமல் காப்பது புரொஜெஸ்திரோன் என்ற ஹோர்மோன்.

மாதம் நிறையும்போது அதன் பிடி தளர்கிறது, ஈஸ்திரோஜனின் கை ஓங்குகிறது, புரொஸ்டகிளாண்டின் சுரக்கிறது. நார்களைப் பிணைத்த கட்டுகள் விட்டுப்போய் நடுவில் நீர் ஏறுகிறது. ஊறப்போட்ட தென்னைமட்டையைக் கையால் பிரித்தவர்களுக்கு இது விளங்கும். அப்படி இளகிய பின்னர்தான் வாய் பத்து சென்டிமீற்றர் வரை விரியும். வலி வருவதற்கென்று ஆஸ்பத்திரியில் உள்ளே வைக்கும் மருந்தும் பெரும்பாலும் இந்தப் புரொஸ்டகிளாண்டின்தான்.

இதே இளக்கம் ஆறாம், ஏழாம் மாதத்தில் வந்தால்? நம் சகோதரி ஒருவருக்கு வந்தது. மலையில் நிற்கும்போது அடிவயிறு இறுகி இறுகி விட்டது, நீர் கசிந்தது. "கொழுந்தை நிறுத்துவிட்டுப் போ" என்றார்கள். இராத்திரிதான் வான் கிடைத்தது. பிள்ளை ஒரு மாதம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்தது. லயத்திலோ, "அவள் உடம்பு சரியில்லை" என்று பேச்சு. நாரின் கட்டு முந்தி அவிழ்ந்ததற்கு அவள் என்ன குற்றம் செய்தாள்?

முன்பு குறைமாதத்தில் பெற்றவர்கள் அதைக் கிளினிக்கில் முதல் நாளே மருத்துவமாதுவிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேனில் கழுத்தின் நீளத்தை அளக்கலாம். குறுகியிருந்தால் அதே புரொஜெஸ்திரோனை மருந்தாகக் கொடுக்க வழியுண்டு. 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், நீரோ இரத்தமோ கசிந்தாலும் நிறுவைக்குக் காத்திராதீர்கள்.

பெற்ற பிறகும் அந்த நார் திரும்பப் பின்னப்பட வாரக்கணக்காகும். மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள்தான் என்றிருந்த பாகுபாடு 2018 சட்டத்திருத்தத்தோடு போய்விட்டது. எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். குறைத்துச் சொன்னால் எங்களிடம் வாருங்கள்.

இரத்தினபுரியோ கேகாலையோ, மேல் டிவிசன்களிலிருந்து இராத்திரியில் இறங்குவது எப்படி என்பது நமக்குத் தெரியும். உங்கள் டிவிசனில் அந்நேரம் வாகனம் யாரிடம் இருக்கிறது, இல்லையா என்று கூட்டம் முடிந்ததும் மாதர் தலைவிமாரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் நிர்வாகத்திடம் பேசப் போகிறோம்.