ஓர் எழுத்தில் ஆயிரம் மடங்கு

(நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில் செயலாளர் ஆற்றிய உரை)



நுணுக்கமான கணக்கு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. முத்துக்குளிப்புக் காலத்தில் முத்துகளைத் தரம் பிரிக்க 10 பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளைகள், கடைசிச் சல்லடையில் 1000 துளைகள். துளைகளின் எண்ணிக்கை கூடக் கூட, துளை சிறுக்கும். ஆகவே 20-இல் தங்கியது பெருமுத்து. 1000-இல் தங்கியது பொடிமுத்து. எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிது என்று நினைத்தவர் ஏமாந்துதான் போயிருப்பார். தூத்துக்குடியில் 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால், அந்த விழிப்பு நமக்கு இன்றும் வேண்டும்.

இன்று நாம் கவனிக்க வேண்டியவை எண்ணுக்குப் பின்னால் வரும் சிறு எழுத்துகள். கிலோ என்றால் 1000 மடங்கு. மெகா 10 லட்சம். கிகா 100 கோடி. கீழே இறங்கினால் மில்லி என்பது 1000-இல் ஒரு பங்கு. மைக்ரோ 10 லட்சத்தில் ஒரு பங்கு. நானோ 100 கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு படிக்கும் 1000 மடங்கு வித்தியாசம்.

நம் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் 5 அலகுகளுடன் அமைக்கப்பட்டது. மொத்தம் 1050 மெகாவாட், அதாவது 105 கோடி வாட். வ.உ.சி. துறைமுகம் 2023-24-இல் 4.1 கோடி டன்னுக்கு மேல் சரக்கு கையாண்டது. இதையே 41 மில்லியன் டன் என்றும் சொல்வார்கள். சுருக்கமாக '41 எம்.டி.' என்று எழுதினால், பழக்கமில்லாதவர் 41 மெட்ரிக் டன் என்று படித்துவிடுவார். அது சில லாரிச் சுமைதான்! துறைமுகம் சார்ந்த வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

காகிதத்தில் வந்த பிழையைத் திருத்திவிடலாம். வயிற்றுக்குள் போன மருந்தை அப்படித் திருத்த முடியாது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையில் 500 எம்.ஜி. என்றிருக்கும், அது மில்லிகிராம். தைராய்டு மாத்திரையில் 50 எம்.சி.ஜி. என்றிருக்கும், அது மைக்ரோகிராம். நடுவில் இருக்கும் 'சி' என்ற ஓர் எழுத்தைத் தவறவிட்டால் அளவு 1000 மடங்காகிவிடும். 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம்தான். புள்ளியும் அப்படியே. 0.5 என்பதை .5 என்று மட்டும் எழுதி, அந்தப் புள்ளி மங்கிப்போனால் 5 ஆகிவிடும். 10 மடங்கு மருந்து!

நம் வீடுகளில் பல பெரியவர்கள் மாத்திரையை நிறத்தையும் அட்டையையும் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுத்தால் நிறமும் அட்டையும் மாறிவிடும். ஆகவே மாணவச் செல்வங்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் வாப்பா, உம்மா, அப்பா, கண்ணம்மா சாப்பிடும் மருந்துகளை எடுத்து, பெயர், எண், அலகு மூன்றையும் ஒரு தாளில் தமிழில் முழுதாக எழுதுங்கள். 'மில்லிகிராம்', 'மைக்ரோகிராம்' என்று சுருக்காமல் எழுதுங்கள். மருத்துவரின் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் நீங்களாக அளவை மாற்றாமல், மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். அந்தத் தாளை மருந்துப் பெட்டியிலேயே வையுங்கள்.

நீங்கள் படிக்கும் படிப்பின் முதல் பயன் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கிடைக்கட்டும்.