சந்தியில் நின்று படித்த பாடம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் சிவில் பிரிவு 1981ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"தொழில் சம்பந்தமாகப் பேசுங்கள், ஆனால் போரடிக்காமல் பேசுங்கள்" என்று செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். நான் முப்பத்தைந்து வருஷம் ரோடு போட்டவன். ரோடு ரோலர் வேகத்தில்தான் எனக்குப் பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்சந்தியை வடிவமைக்க ஓர் இன்ஜினியர் எப்படிப் பயிற்சி பெற வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் டிராயிங் ஹாலில் நான் வரைந்த ஒரு நாற்சந்திக்குப் பேராசிரியர் 'வெரி குட்' போட்டார். வளைவுகள் அவ்வளவு சுத்தம். அந்த 'வெரி குட்'டை வைத்துக்கொண்டே எட்டு வருஷம் ஓட்டினேன். 1989ல் ஒரு சிறு நகரத்தில், பஸ் நிலையத்துக்கும் பெண்கள் பள்ளிக்கும் நடுவே இருந்த நாற்சந்தியைச் சீர்படுத்தும் வேலை வந்தது. பஸ்கள் இடது பக்கம் திரும்ப முடியாமல் தேங்கி நிற்கின்றன என்று புகார். மூலையில் காலி மனை இருந்தது. 6 மீட்டர் ஆரமாக இருந்த வளைவை 24 மீட்டர் ஆக்கினேன். தேக்கம் போயிற்று. ஊர்க்காரர்கள் எனக்குச் சால்வை போட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அங்கே பணியில் இருந்த போக்குவரத்துக் காவலர் என்னிடம் சொன்னார்: "சார், முன்னாடியெல்லாம் பஸ்காரன் இந்த மூலைக்கு வந்தா பிரேக் மேல கால வைப்பான். இப்ப ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலையே எடுக்கிறதில்ல." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்!

ஆறாவது மாதம், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் அந்த மூலையைக் கடக்கும்போது பஸ் மோதியது. உயிர் பிழைத்தாள். இடது கால் போயிற்று. ஓட்டுநர் மீது வழக்குப் போட்டார்கள். வளைவை வரைந்த என் பெயர் எந்தக் காகிதத்திலும் வரவில்லை. ஆனால் அந்தக் காவலர் சொன்னது அன்று ராத்திரிதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த வருஷம் சாலைச் சந்திப்பு வடிவமைப்பு பற்றிய பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 'நீங்கள் வரைந்த சந்திப்பு ஒன்றின் பிளானோடு வாருங்கள்' என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தப் பிளானையே எடுத்துப் போனேன்.

முதல் நாள் வகுப்பே இல்லை. பயிற்சியாளர் எங்களை ஒரு நாற்சந்தியில் கொண்டுபோய் நிறுத்தினார். கையில் அட்டை, பென்சில். எந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கால் மணிக்கு ஒரு கட்டமாக மூன்று மணி நேரம் எண்ணினோம். இரண்டாம் நாள், "இன்று வண்டியை எண்ண வேண்டாம். யார் திடீரென்று பிரேக் போடுகிறார், யார் ஒதுங்கித் தப்பிக்கிறார் என்று குறியுங்கள். விபத்து நடந்த பிறகுதான் கற்றுக்கொள்வேன் என்று காத்திருக்கக் கூடாது" என்றார்.

மூன்றாம் நாள்தான் கணக்கு. ஒற்றைத் தட நாற்சந்தி ஒன்றில் எல்லாப் பக்கமும் திரும்பலாம் என்றால், வண்டிப் பாதைகள் முட்டிக்கொள்ளும் இடங்கள் 32. குறுக்கே வெட்டுவது 16, வந்து சேருவது 8, பிரிவது 8. முச்சந்தியில் 9. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8 மட்டுமே. அங்கே குறுக்கே வெட்டும் இடமே கிடையாது. ஆனால் உள்ளே நுழைகிறவர், சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டும். பிரிட்டனில்கூட 1966ல்தான் இதை விதியாக்கினார்கள். நம் ஊரில் யார் ஹாரனை ஓங்கி அடிக்கிறாரோ அவருக்குத்தான் முன்னுரிமை!

சிக்னலுக்கும் கணக்கு உண்டு. 1958ல் வெப்ஸ்டர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள். அது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடத்தில் நிற்கும் நாட்டில் பிறந்தது. நம் ஸ்கூட்டர்காரரோ பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடையே புகுந்து முதல் வரிசைக்கு வந்துவிடுவார். அதனால்தான் சூத்திரத்தில் போடும் எண்ணை நம் சந்தியில் நின்று எண்ணித்தான் எடுக்க வேண்டும்.

பிறகு அவர் என் பிளானைப் பலகையில் மாட்டச் சொன்னார். 32 புள்ளிகளையும் குறித்தேன். "இதில் நடந்து போகிறவர் எங்கே?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை. அந்த 32ல் நடப்பவர் ஒருவரும் இல்லை!

அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். வளைவின் ஆரத்தை நான்கு மடங்கு ஆக்கினால், திரும்பும் வேகம் இரண்டு மடங்கு ஆகும். மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பிய பஸ் இப்போது 30ல் திரும்பும். மோதினால் அடியின் சக்தி நான்கு மடங்கு. 9 மீட்டராக இருந்த கடக்கும் தூரம் 18 மீட்டர் ஆகிவிட்டது. நொடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்தால், ஏழரை நொடியில் கடந்த பெண் பதினைந்து நொடி ரோட்டில் இருக்க வேண்டும். இதில் எந்தக் கணக்கும் எனக்குத் தெரியாததல்ல. எல்லாம் நம் கல்லூரியில் படித்ததுதான். யாருக்காகப் போட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

ஊர் திரும்பி, வளைவை 10 மீட்டராகக் குறைத்து, சாலை நடுவில் நின்று போக ஒரு மேடையும் சேர்த்துப் புதுப் பிளான் கொடுத்தேன். "போன வருஷம் அகலப்படுத்தினீர், இந்த வருஷம் குறுக்குகிறீர், சந்தி சிரிக்காதா?" என்று மேலதிகாரி கேட்டார். "சிரிக்கட்டும் சார், தப்பு என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தேன். பதினோரு மாதம் கழித்து வேலை நடந்தது. பஸ்காரர்கள் என்னைத் திட்டினார்கள். ஆனால் பிரேக் போட்டுத்தான் திரும்பினார்கள்.

மாணவச் செல்வங்களே, எங்களுக்கு இல்லாத வசதி உங்களுக்கு இருக்கிறது. சந்திப்பு வடிவமைப்புக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் 1994ல் எஸ்.பி. 41 என்ற வழிகாட்டியையும், சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு 2010ல் எஸ்.பி. 88ஐயும் வெளியிட்டது. டிரோன் படம் எடுக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் சந்தியை ஓட்டிப் பார்க்கிறீர்கள். சந்தோஷம். பொறுப்பும் கூடியிருக்கிறது. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்துக்குப் பயந்து அல்ல, முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். எனக்குப் பாடம் வந்து சேர ஒரு குழந்தையின் கால் போக வேண்டியிருந்தது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் கல்லூரி வாசலே ஒரு முச்சந்திதான். காலை எட்டரை மணிக்கு அங்கே கடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு வாரம் அங்கே நின்று எண்ணட்டும். தப்பியவற்றைக் குறிக்கட்டும். ஒரு வயதான அம்மாவோடு ரோட்டைக் கடந்து பார்க்கட்டும். பிறகு பிளான் வரையட்டும். அட்டை, பென்சில், வெயிலுக்குத் தொப்பி, டீச் செலவு எல்லாம் 1981ஆம் ஆண்டுக்காரர்கள் பொறுப்பு. நண்பர்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்; மறுக்க மாட்டார்கள்.