எந்த பம்பு நல்ல பம்பு?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"திருபுவனையில பட்டறை வச்சிருக்கியே, பம்பைப் பத்தி நாலு வார்த்தை பேசேன்" என்று செயலாளர் உத்தரவு. தண்ணி இறைக்கிற பம்பு வேண்டாம். மூச்சு இழுக்கிற பம்பைப் பற்றிப் பேசுகிறேன்.

நாம் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று தானாக நுழைகிறது. தசைகள் செயலிழந்தால்? உடம்பைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து அதிலுள்ள காற்றை உறிஞ்சினால் நெஞ்சு விரியும். 1928-ல் பாஸ்டனில் டிரிங்கரும் ஷாவும் செய்த 'இரும்பு நுரையீரல்' இதுதான். ஆஸ்திரேலியாவில் எட்வர்ட் போத் இதையே ஒட்டுப்பலகையில் மலிவாகச் செய்தார். மோட்டார் முதலாளி நஃபீல்டு பிரபு அதைத் தம் தொழிற்சாலையில் சுமார் 1,700 வரை செய்து மருத்துவமனைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார். 1952-ல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது பெட்டிகள் போதவில்லை. மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையால் பை அமுக்கிக் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். அதன்பின் காற்றை உள்ளே தள்ளும் முறையே நிலைத்தது. ஆனாலும் நெஞ்சை மட்டும் மூடும் கவச வகை இன்னும் சிலருக்கு உதவுகிறது.

இனி என் கதை. எங்கள் தெருவில் தசைச் சிதைவு நோய் உள்ள தம்பி ஒருவன். முகமூடிக் கருவி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கில் புண். கவசத்தை முயன்று பார்க்கலாம் என்றார் டாக்டர். அவன் அப்பா இரண்டு பழைய பம்புகளைக் கொண்டு வந்து, "அண்ணே, எது நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

ஒன்று வாக்குவம் பம்பு, மற்றது புளோயர். வாயை அடைத்து மீட்டரைப் பார்த்தேன். வாக்குவம் பம்பில் முள் கடைசி வரை ஓடியது. புளோயரில் பாதிகூடப் போகவில்லை. "இதுல என்ன சந்தேகம்?" என்று முதலாவதைக் கொடுத்துவிட்டேன்.

டாக்டர் முன்னிலையில் மாட்டினோம். முள் அசையவே இல்லை. பையன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. கவசத்தின் ஓரமெல்லாம் காற்று கசிகிறது. வாக்குவம் பம்பு ஆழமாக உறிஞ்சும், ஆனால் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும். கசிவை அதால் ஈடுகட்ட முடியாது. நெஞ்சுக்குத் தேவையோ ஏறக்குறைய 10 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம்தான். புளோயரை மாட்டியதும் கசிவையும் மீறி 20-ல் நின்றது, நெஞ்சு எழும்பியது. அவன் அப்பா என்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இப்போது யார் கேட்டாலும் ஒரு டிரம்மில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு, யூ குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறேன். கசிவோடு எவ்வளவு தாங்குகிறது? மூச்சு விடும் நேரத்துக்குள் அழுத்தம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? ராத்திரி முழுக்க ஓடினால் சூடாகிறதா, சத்தம் தூங்க விடுமா? கரண்ட் போனால் என்ன வழி? முடிவு டாக்டருடையது, அளவு மட்டும் என்னுடையது.

நம் ஆய்வகத்தில் ஐயா சொல்வார்: "ரீடிங் எழுதினா போதாதுடா, எந்த நிலைமையில எடுத்தேன்னும் எழுது." அன்று அதற்காக நான் மதிப்பெண் இழந்தேன். பட்டறையில் இழக்கப் பார்த்தது மதிப்பெண் அல்ல.